இயல்நிலைப் பரவலில் அடங்காத 120 டப்பாக்கள்: கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கல்லூரியில் புள்ளியியல் பாடம் எடுப்பவள் நான். என்னிடம் படித்த பெண் ஒருத்தி வேலை பார்க்கும் ஆலையில் ஒரு ஜூன் மாதம் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். ஆலையின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் தரவில்லை. அளவுகள் அவள் பதிவேட்டிலிருந்தும் என் குறிப்புகளிலிருந்தும் எடுத்தவை. தரவு இயல்நிலைப் பரவலைச் (சராசரியைச் சுற்றி மணி வடிவில் சமச்சீராகப் பரவுவது) சேர்ந்ததா என்று சோதிக்க வேண்டிய நிலைமை தரக்கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் அடிக்கடி வருகிறது. சோதனை "இல்லை" என்றதும் பலர் கையைப் பிசைந்துகொண்டு நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

பின்னணி

கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டணம் போகும் பக்கம் இருக்கிறது அந்த மாங்கூழ் ஆலை. மே நடுவில் தொடங்கி ஜூலை முடியும்வரைதான் அங்கே வேலை. பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கும். பழுக்க வைத்து, கழுவி, கொட்டை நீக்கி, அரைத்து, சூடேற்றிய கூழைத் தகர டப்பாவில் நிரப்பி மூடி அடிப்பார்கள். டப்பாவில் அச்சடித்த நிகர எடை 3.1 கிலோ. அட்டைப்பெட்டிக்கு 6 டப்பா. சீசன் மும்முரத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 6000 டப்பா வெளியே போகும்.

வளைகுடா நாட்டு வாங்குபவர் ஒருவர் அந்த ஆண்டு புதிதாக ஒரு படிவம் அனுப்பியிருந்தார். குறைந்தது 100 டப்பாக்களின் நிகர எடையைப் பதிந்து, சராசரி, திட்ட விலக்கம் (எடைகள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு சிதறுகின்றன என்பது), 3100 கிராமுக்குக் கீழே போகக்கூடிய டப்பாக்களின் விகிதம் மூன்றையும் அதில் நிரப்ப வேண்டும். மூன்றாவதை எண்ணிப் பார்த்துச் சொல்வதில்லை. எடைகள் இயல்நிலைப் பரவலில் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு எக்செல் தாளே கணக்கிட்டுவிடும். அந்த விகிதம் ஆயிரத்துக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை.

சட்டம் இவ்வளவு கடுமையாக இல்லை. நம் நாட்டின் 2011ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் எடையளவு விதிகள், 1 கிலோவிலிருந்து 10 கிலோ வரையான பொட்டலத்தில் 1.5 சதவீதம் வரை குறைவை ஒரு தனிப் பொட்டலத்தில் பொறுத்துக்கொள்கின்றன. 3100 கிராமுக்கு அது 46.5 கிராம். ஆனால் சராசரி குறையக் கூடாது. வாங்குபவரின் நிபந்தனை அதைவிட இறுக்கமானது: ஆயிரத்துக்கு ஒரு டப்பாவுக்கு மேல் 3100க்குக் கீழே வரக் கூடாது.

தரக்கட்டுப்பாட்டில் இருந்த என் மாணவி மூன்று நாட்களில், நாளுக்கு 40 வீதம், 120 டப்பாக்களின் எடையைச் சேகரித்தாள். சராசரி 3117 கிராம். திட்ட விலக்கம் 10.8. படிவம் கணக்குப் போட்டு, 5.8 சதவீத டப்பாக்கள் எடை குறைந்திருக்கும் என்று சொன்னது.

அவள் பதிவேட்டிலோ 3100க்குக் கீழே ஒரு டப்பாகூட இல்லை.

முதல் முரண்

5.8 சதவீதம் என்றால் 120க்கு 7 டப்பாவாவது குறைந்திருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லையே, ஏன்? இந்தக் கேள்வியோடுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். ஆலை மேலாளர் அவளிடம் இரண்டு வழி சொல்லியிருந்தார். நிரப்பும் அளவை உயர்த்து, அல்லது தரவு இயல்நிலையில் இல்லை என்று காட்டிப் படிவத்தின் கணக்கை மறுத்து எழுது.

அளவை உயர்த்துவது சின்ன விஷயமில்லை. திட்ட விலக்கம் 10.8 ஆகவே இருந்தால், ஆயிரத்துக்கு ஒன்று என்ற நிபந்தனைக்குச் சராசரி 3133க்குப் போக வேண்டும். டப்பாவுக்கு 16 கிராம் கூடுதல். 6000 டப்பாவுக்கு 96 கிலோ. தினமும் 31 டப்பா கூழைச் சும்மா கொடுப்பதற்குச் சமம்.

அவள் ஏற்கெனவே இரண்டு சோதனைகளைச் செய்து பார்த்திருந்தாள். கோல்மோகொரோவ்–ஸ்மிர்னோவ் சோதனையில் பி மதிப்பு (தரவு உண்மையில் இயல்நிலையாக இருந்தால் இவ்வளவு விலகல் தற்செயலாக வரும் வாய்ப்பு; வழக்கமாக 0.05க்குக் கீழே போனால் இயல்நிலை இல்லை என்பார்கள்) 0.14 வந்தது. ஷாபிரோ–வில்க் சோதனையில் 0.001க்கும் குறைவு. ஒன்று இயல்நிலை என்கிறது, இன்னொன்று இல்லவே இல்லை என்கிறது.

"எதை நம்புறது மேடம்? ரெண்டும் புத்தகத்துல இருக்கிற சோதனைதானே?"

இரண்டும் புத்தகத்தில் இருப்பவைதான். முதலாவதை அவள் பயன்படுத்திய விதத்தில்தான் கோளாறு. கோல்மோகொரோவ்–ஸ்மிர்னோவ் அட்டவணை, சராசரியும் திட்ட விலக்கமும் நமக்கு முன்கூட்டியே தெரியும் என்ற நிலைக்கு உரியது. தரவிலிருந்தே அந்த இரண்டையும் கணக்கிட்டு, அதே தரவை அந்த வளைகோட்டோடு ஒப்பிட்டால் பொருத்தம் எப்போதும் உள்ளதைவிட நன்றாகத்தான் தெரியும். துணியை ஆளின் மேல் போட்டே வெட்டிவிட்டு, அளவு சரியாக இருக்கிறதா என்று கேட்பதைப் போன்றது இது. இதற்கான திருத்திய அட்டவணையை லில்லிஃபோர்ஸ் 1967இல் வெளியிட்டார். 120 அளவுகளுக்கு 5 சதவீத எல்லை, பழைய அட்டவணைப்படி ஏறக்குறைய 0.124. லில்லிஃபோர்ஸ் படி 0.081. தரவுக்கும் வளைகோட்டுக்கும் இடையே அவளுக்குக் கிடைத்த மிகப் பெரிய விலகல் 0.105. பழைய எல்லையில் தேறியது, சரியான எல்லையில் தவறியது. ஆக இரண்டு சோதனைகளுக்கும் இடையே உண்மையில் சண்டையே இல்லை.

ஷாபிரோவும் வில்க்கும் 1965இல் தங்கள் சோதனையை வெளியிட்டபோது அது 50 அளவுகள் வரைதான் பயன்பட்டது. ராய்ஸ்டன் பின்னாளில் அதைப் பல ஆயிரம் அளவுகளுக்கு நீட்டினார். நடுத்தர அளவுள்ள மாதிரிகளில் பொதுவாக இயல்நிலையிலிருந்து விலகலை நன்றாகக் கண்டுபிடிப்பதும் இதுதான். எனவே தரவு இயல்நிலையில் இல்லை என்பதை ஏற்றுக்கொண்டோம்.

மேலாளருக்கு அதுவே போதும். எனக்குப் போதவில்லை. ஏன் இல்லை என்று தெரியாமல் படிவத்தை மறுத்தால், அதற்குப் பதிலாக எந்த எண்ணை எழுதுவது?

பதிவேடு

எக்செல்லில் இருப்பதைக் கையால் எழுதிய நோட்டிலிருந்து தட்டச்சு செய்ததாகச் சொன்னாள். நோட்டைக் கேட்டேன், பையிலேயே இருந்தது. ஓரத்தில் கூழ் பட்டுக் காய்ந்த மஞ்சள் கறையோடு நீளமான கணக்கு நோட்டு. பென்சிலை எடுத்து ஒவ்வோர் எடையின் கடைசி இலக்கத்தை மட்டும் எண்ணினேன். 120இல் 71 அளவுகள் 0 அல்லது 5இல் முடிந்தன. தராசு ஒவ்வொரு கிராமாகக் காட்டுவது. அதில் வரும் எண்களில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 24 வாக்கில், அப்படி முடிந்தால் இயற்கை. 71 என்றால் எழுதியவர் கை முழுமையாக்கியிருக்கிறது. குறிப்பாக இரண்டாம் நாள் பக்கம் முழுக்க 3105, 3120, 3125 என்றே போனது. அன்று அவள் விடுப்பில் இருந்தாள், உதவியாளர் எழுதியிருக்கிறார்.

இந்த முழுமையாக்கல் சராசரியைப் பெரிதாகக் கெடுக்காது. ஆனால் ஷாபிரோ–வில்க் போன்ற சோதனைகள் ஒரே எண் திரும்பத் திரும்ப வருவதை விரும்புவதில்லை. பி மதிப்பு இவ்வளவு குறைந்ததில் அதற்கும் பங்கு உண்டு. அது மட்டும்தான் காரணமா?

படமாக வரைந்தது

இதற்குப் பிறகுதான் கியூ-கியூ வரைபடம் போட்டோம். எடைகளைச் சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசைப்படுத்தி, இயல்நிலையாக இருந்தால் அந்தந்த இடத்தில் எந்த மதிப்பு வரவேண்டுமோ அதற்கு எதிரே வைப்பது. இயல்நிலை என்றால் புள்ளிகள் ஒரு நேர்கோட்டை ஒட்டிப் போகும்.

இவள் படத்தில் மூன்று விஷயம் தெரிந்தது. புள்ளிகள் படிக்கட்டுபோல ஏறின. இது முழுமையாக்கலின் வேலை. கீழ் இடது மூலையில் புள்ளிகள் கோட்டுக்கு மேலே, 3100ஐ ஒட்டித் தரையில் படுத்ததுபோல் கிடந்தன. நடுப்பகுதி செங்குத்தாக ஏறி, இரண்டு முனைகளிலும் தட்டையாகி, மொத்தத்தில் சாய்ந்த எஸ் வடிவம். வால்களின், அதாவது பரவலின் இரு ஓரங்களின், கனத்தைக் காட்டும் தட்டையளவைக் கணக்கிட்டால் 2.1. இயல்நிலைக்கு அது 3. வால்கள் மெலிந்து, நடுவில் ஏதோ பள்ளம்.

ஒரு படத்தைப் பார்த்து "வளைந்திருக்கிறது" என்று சொல்வது எளிது. அசல் இயல்நிலைத் தரவுகூட 120 புள்ளிகளில் கொஞ்சம் வளையத்தான் செய்யும். எனவே எக்செல்லில், அதே சராசரியும் அதே திட்ட விலக்கமும் உள்ள இயல்நிலை எண்களை உருவாக்கி, 120 எண்கள் கொண்ட 19 தொகுதிகள் செய்தோம். அவளுடையதையும் சேர்த்து 20 படங்களை அச்சடித்தாள். மறுநாள் ஆலையில், புள்ளியியல் படிக்காத கணக்கரிடம் காட்டி, எது மாறுபட்டது என்று மட்டும் கேட்டாள். அவர் யோசிக்கவே இல்லை, அவளுடைய தாளைத்தான் விரலால் தட்டினார். கண்ணால் பார்த்து எடுக்கும் முடிவுக்கு இப்படி ஒரு காவல் வைப்பது நல்ல பழக்கம் என்பது என் கருத்து. பி மதிப்பைப் புரிந்துகொள்ளாத மேலாளருக்கும் இது புரிந்தது.

3100ஐ ஒட்டிய குவியலையும் எண்ணினோம். 3100 முதல் 3105 வரை, இரண்டும் உட்பட, இயல்நிலைக் கணக்குப்படி 11 டப்பா இருக்கலாம். இருந்தது 21. 3099இல் ஒன்றுமே இல்லை. எடையின் பாதையில் யாரோ சுவர் எழுப்பியதுபோல் இருந்தது.

தளத்தில் பார்த்தது

புதன்கிழமை ஆலைக்குப் போனேன். தலையுறை போட்டு, காலைக் குளோரின் தண்ணீரில் நனைத்துத்தான் உள்ளே விட்டார்கள். நிரப்பும் இடத்தில் கூழின் வெப்பமும் வாசமும் முகத்தில் அடிக்கும். கொப்பரையின் கீழே நிரப்பும் மெஷின், அதற்கு இரண்டு வாய்கள். இடது வாய் ஒரு டப்பாவை நிரப்ப, வலது வாய் அடுத்ததை நிரப்புகிறது. ஒவ்வொரு வாய்க்கும் தனி பிஸ்டன், தனித்தனியே திருகி அளவு வைக்கலாம்.

வாயைத் தாண்டியதும் இரண்டு தராசுகள், தராசுக்கு ஒரு பெண். காலி டப்பாவின் எடையைக் கழித்து 3100க்குக் கீழே வந்தால் சிவப்பு விளக்கு எரியும். எரிந்ததும் பக்கத்திலிருக்கும் ஸ்டீல் பாத்திரத்திலிருந்து குவளையால் கொஞ்சம் கூழ் மொண்டு ஊற்றுவார்கள். விளக்கு பச்சையானதும் நிறுத்திவிடுவார்கள், ஒரு சொட்டு கூட ஊற்றமாட்டார்கள். பிறகே டப்பா மூடி அடிக்கும் இடத்துக்கும், அங்கிருந்து என் மாணவியின் மேசைக்கும் போகிறது.

சுவர் இதுதான். அவள் அளந்தது மெஷின் நிரப்பிய எடையை இல்லை. மெஷின் நிரப்பி, கை திருத்திய எடையை.

தராசில் இருந்த மூத்த பெண்ணிடம், எந்த டப்பா அதிகம் குறையும் என்று கேட்டேன்.

"இந்தப் பக்க வாய்தாம்மா. அந்தப் பக்கம் வர்றது எப்பவும் நல்லா ரொம்பித்தான் வரும். நாங்க அந்தப் பக்கத்து டப்பாவப் பாக்கறதுகூட இல்ல, விளக்கு எரியாது."

என் மாணவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று சீசனாக அந்த மேசையிலிருந்து பத்தடி தூரத்தில் வேலை பார்த்தவள். பதிவேட்டில் எந்த வாய் என்று எழுத ஒரு கட்டமே கிடையாது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அன்று மாலை ஆலை அலுவலகத்தில் உட்கார்ந்து பேசினோம். மூன்று யோசனைகளைத் தள்ளினோம்.

ஒன்று, "பொருந்தாத" டப்பாக்களை நீக்கிவிட்டு மறுபடி சோதிப்பது. மேலாளர் சொன்னது இது. கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறார். ஒவ்வொரு டப்பாவும் உண்மையில் நிரம்பிய டப்பா. சோதனையில் தேறுவதற்காக அதை அழித்தால், வாங்குபவருக்குப் போகும் எண் பொய்யாகிவிடும். இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

இரண்டு, எண்களை உருமாற்றுவது. மடக்கை எடுப்பது, பாக்ஸும் காக்ஸும் 1964இல் தந்த முறையில் பொருத்தமான அடுக்கைத் தேடுவது போன்றவை. ஒரு பக்கமாக நீண்ட தரவுக்கு இவை அருமையான கருவிகள். கிணற்று நீரின் ஃபுளோரைடு அளவு போன்றவற்றுக்கு நானே வகுப்பில் மடக்கை எடுக்கச் சொல்வேன். ஆனால் இரண்டு வாய்களின் எடை ஒன்றாகக் கலந்து இரண்டு மேடுகளாக நிற்கும்போது, எந்த உருமாற்றமும் அவற்றை ஒரே மேடாக்காது. கையால் எழுப்பிய சுவரையும் இடிக்காது.

மூன்று, மைய எல்லைத் தேற்றத்தைச் சொல்லிச் சமாளிப்பது. 120 அளவுகளின் சராசரியைப் பற்றிப் பேசுவதாக இருந்தால் அது நியாயமான வாதம். தனி அளவுகள் இயல்நிலையில் இல்லாவிட்டாலும் சராசரியின் பரவல் இயல்நிலைக்கு மிக அருகில் வந்துவிடும். அதனால்தான் சராசரிக்கான டி சோதனை சிறு விலகல்களுக்கு அஞ்சுவதில்லை. ஆனால் இங்கே வாங்குபவர் கேட்பது சராசரியை இல்லை. தனி டப்பா ஒன்று 3100க்குக் கீழே போகும் வாய்ப்பை, அதாவது பரவலின் வாலை. வாலுக்கு அந்தத் தேற்றம் எந்த உத்தரவாதமும் தருவதில்லை. இயல்நிலை தேவையா இல்லையா என்பது நாம் என்ன கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது என்று நான் வகுப்பில் சொல்லிக்கொண்டே இருப்பேன். இவ்வளவு தெளிவாக அது கண்முன் வந்தது இங்கேதான்.

மறுபடி அளப்பது என்று முடிவாயிற்று. கூழ் கூட்டி ஊற்றுவதற்கு முன்பே, வாய் வாரியாக, தராசு காட்டும் கிராமை அப்படியே, நேரத்தோடு எழுத வேண்டும். மணிக்கு ஒரு முறை அடுத்தடுத்து வரும் 10 டப்பா, வாய்க்கு 5 வீதம். நாளுக்கு 6 முறை, இரண்டு நாள். வாய்க்கு 60 அளவு.

மறு அளவீடு

இடது வாயின் எடைகள் 3108ஐச் சுற்றியும் வலது வாயின் எடைகள் 3126ஐச் சுற்றியும் இருந்தன. 18 கிராம் வித்தியாசம். ஒவ்வொரு வாய்க்குள்ளும் திட்ட விலக்கம் ஏறக்குறைய 6 மட்டுமே. பழைய 10.8இல் பெரும்பகுதி இரண்டு வாய்களுக்கு இடையேயான வேறுபாடு.

கூட்டி ஊற்றுவதற்கு முன் 3100க்குக் கீழே இருந்தவை 120க்கு 9. ஒன்பதும் இடது வாய். வலது வாயில் ஒன்றுகூட இல்லை. 9 என்பது 7.5 சதவீதம். படிவம் சொன்ன 5.8க்கும் இது அதிக தூரமில்லை. ஆனால் அந்த நெருக்கத்தை நம்பி ஏமாறக் கூடாது. படிவத்தின் கணக்கு தவறான பரவலை வைத்துச் செய்தது, தற்செயலாகப் பக்கத்தில் போய் விழுந்தது. உண்மை நிலைமை, இடது வாயில் நூற்றுக்கு 15, வலது வாயில் பூஜ்யம். மொத்தத்தில் இத்தனை சதவீதம் என்ற ஒற்றை எண் எந்தத் திருகைத் திருக வேண்டும் என்பதைச் சொல்லாது.

வாய் வாரியாகக் கியூ-கியூ வரைபடம் போட்டபோது கோடு நேராக வரும் என்று இருவரும் எதிர்பார்த்தோம். பெரும்பாலும் வந்தது. ஆனால் இரண்டு படத்திலும் கீழ் முனையில் ஐந்தைந்து புள்ளிகள் கோட்டை விட்டுக் கீழே தொங்கின. ஷாபிரோ–வில்க் இரண்டு வாய்க்கும் 0.05க்குக் கீழேதான் நின்றது.

அவள் முகம் விழுந்துவிட்டது. நேரக் கட்டத்தைப் பார்க்கச் சொன்னேன். பத்துப் புள்ளியும் ஒரே குழு, இரண்டாம் நாள் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு மெஷினை ஓடவிட்டதும் எடுத்தது. முதல் நாள் மதியக் குழுவை அவள் கால் மணி நேரம் தாமதமாக எடுத்திருந்தாள், அதில் இந்தக் குறைவு இல்லை. நிரப்புபவரைக் கேட்டோம்.

"சாப்பாட்டுக்கு நிறுத்துனா கொப்பரையில கூழ் ஆறிக் கெட்டியாயிடும் மேடம். முதல் ஒரு டஜன் டப்பா இளைச்சுத்தான் வரும். அப்புறம் சூடு ஏறுனா சரியாயிடும்."

கெட்டியான கூழ், பிஸ்டன் இழுக்கும் அந்தக் கணத்துக்குள் உருளையை முழுக்க நிரப்பாது. காரணம் தெளிவு.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எந்த இயல்நிலைச் சோதனையும் தரவின் வரிசையைப் பார்ப்பதில்லை. 60 எண்களைச் சீட்டுக்கட்டுபோலக் கலைத்துப் போட்டாலும் பி மதிப்பு ஒரு புள்ளிகூட மாறாது. காலையிலிருந்து மாலைவரை எடை மெல்ல இறங்கிக்கொண்டே வந்தால்கூட, மொத்தப் பரவல் மணி வடிவில் இருந்துவிட்டால் சோதனை தேறிவிடும். நேரத்தை எழுதி, நேரப்படி வரைந்து பார்க்காமல் இயல்நிலைச் சோதனையை மட்டும் நம்புவது அரைக்கண்ணால் பார்ப்பது.

அந்தப் பத்து அளவுகளையும் ஆவணத்தில் அப்படியே வைத்தோம். ஓடவிட்ட தொடக்க டப்பாக்கள் என்று தனியே குறித்தோம். மீதி 55 அளவுகளுக்கு இடது வாயில் பி மதிப்பு 0.41, வலது வாயில் 0.27. இதனால் "இயல்நிலை என்று நிரூபணமானது" என்று எழுத அவள் ஆசைப்பட்டாள். விடவில்லை. 55 அளவுகளில் விலகலுக்குச் சான்று கிடைக்கவில்லை என்று மட்டும் எழுதச் சொன்னேன். பத்து அளவுகளை வைத்துச் சோதித்தால் கிட்டத்தட்ட எதுவும் தேறும். ஐயாயிரத்தை வைத்தால் பொருட்படுத்தத் தேவையில்லாத நெளிவுக்கும் தவறும். பி மதிப்பு தரவின் வடிவத்தை மட்டும் சொல்வதில்லை, எவ்வளவு அளந்தோம் என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

பின் நடந்தவை

மெக்கானிக் இடது வாயை ஏற்றி, வலது வாயை இறக்கி, இரண்டையும் 3119 கிராமுக்கு வைத்தார். திட்ட விலக்கம் 6 என்றால் 3100 என்பது சராசரிக்கு 3.17 திட்ட விலக்கம் கீழே. இயல்நிலைக் கணக்குப்படி பத்தாயிரத்துக்கு 8 டப்பா. வாங்குபவரின் நிபந்தனைக்குள் வருகிறது. டப்பாவுக்கு 16 கிராம் கூட்ட வேண்டும் என்று தொடங்கிய பேச்சு 2 கிராமில் முடிந்தது. மீதமான 14 கிராம் 6000 டப்பாவுக்கு 84 கிலோ, நாளுக்கு 27 டப்பா கூழ்.

சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு விதி வந்தது. மெஷினை ஓடவிட்டதும் முதல் 12 டப்பாவை மறுபடி கொப்பரையிலேயே கொட்டிச் சூடேற்றுவது. நிரப்புபவருக்கு முதலில் இது பிடிக்கவில்லை, வேலை கூடுகிறது. இதைச் செய்தால் குவளை எடுக்கும் வேலை குறையும் என்று தராசுப் பெண்களே அவரிடம் பேசிச் சரிக்கட்டினார்கள்.

வாங்குபவருக்குப் போன அறிக்கையில் இரண்டு வாய்க்கும் தனித்தனி அட்டவணை, கியூ-கியூ படம், நேரப்படம், பழைய 120 அளவுகள், அவற்றை ஏன் பயன்படுத்தவில்லை என்ற விளக்கம் எல்லாம் இருந்தன. நான்கு நாளில் ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது.

கூட்டி ஊற்றும் வேலையை நிறுத்தச் சொல்லி மேலாளர் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். 55 அளவுகளில் வளைகோடு பொருந்துகிறது என்பதை வைத்து, ஆயிரத்துக்கு ஒன்று நிகழும் வாலைப் பற்றி உறுதி சொல்ல முடியாது. அந்த இடத்தில் நம்மிடம் ஒரு புள்ளிகூட இல்லை, கோட்டை நீட்டிப் பார்க்கிறோம், அவ்வளவுதான். தராசுகள் இருக்கட்டும், கூட்டி ஊற்றும் ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு கோடு போடட்டும் என்றேன்.

மூன்று நாள், ஏறக்குறைய 18,000 டப்பா. கணக்குப்படி 14 கோடு வரவேண்டும். வந்தது 37. முன்பிருந்த நிலையோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிது. நூற்றுக்கு 7.5 என்றால் மூன்று நாளில் 1350 ஆகியிருக்கும். ஆனாலும் 37 என்பது 14 இல்லை. நேரத்தைப் பார்த்தபோது அதில் 26, மின்சாரம் போய் வந்து மெஷின் மறுபடி ஓடிய உடனே வந்தவை. சாப்பாட்டு விதியை மின்தடைக்கும் நீட்டினோம்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

என் பங்கில் முதல் பிழை, ஞாயிறு காலை முழுவதையும் எந்தச் சோதனை சரி என்பதிலேயே கழித்தது. லில்லிஃபோர்ஸ் திருத்தத்தை விளக்குவது எனக்குப் பழகிய இடம், அதனால் அங்கேயே நின்றுவிட்டேன். ஆலைக்கு மூன்று நாள் கழித்து, புதன்கிழமைதான் போனேன். முதல் நாளே போயிருந்தால், குவளையை ஒரு முறை பார்த்ததும் பாதி விஷயம் விளங்கியிருக்கும். இந்த அளவு எங்கே எடுத்தது, அதற்கு முன் யார் கை பட்டது, எத்தனை மெஷின், எத்தனை ஆள் என்ற கேள்விகளை இப்போது சோதனைக்கு முன்னால் கேட்கிறேன். ஆய்வு மாணவர்கள் தரவோடு வரும்போதும் அப்படித்தான்.

இரண்டாவது, அளவெடுப்பைத் திட்டமிட்டபோது சாப்பாட்டு இடைவேளையை நான் நினைக்கவில்லை. ஒரு நாள் உடனே எடுத்ததும் ஒரு நாள் தாமதமாக எடுத்ததும் தற்செயல். இரண்டு நாளும் தாமதமாக எடுத்திருந்தால் படம் நேராக வந்திருக்கும், பி மதிப்பு முதல் தடவையே தேறியிருக்கும், இளைத்த டப்பாக்கள் யார் கணக்கிலும் வந்திருக்காது. மெஷின் நின்று ஓடும் நேரங்களைத் திட்டத்திலேயே சேர்த்திருக்க வேண்டும்.

பதிவேட்டில் இப்போது வாய், நேரம், கூட்டி ஊற்றுமுன் எடை என்று மூன்று கட்டம் கூடுதலாக இருக்கிறது. முழுமையாக்கி எழுதிய உதவியாளரை யாரும் கடிந்துகொள்ளவில்லை. ஓடுகிற மெஷினுக்குப் பக்கத்தில் நின்று, ஈரக் கையோடு, ஆறு வினாடிக்கு ஒரு டப்பா வரும்போது 3118 என்பதை 3120 என்று எழுதுவது மனித இயல்பு. இப்போது தராசுக்கு எதிரே ஒரு பழைய கைபேசியைக் கட்டி வைத்துப் படம் எடுக்கிறார்கள், எண்ணை ஷிப்ட் முடிந்து உட்கார்ந்து எழுதுகிறார்கள். கடைசி இலக்கங்களை மாதம் ஒரு முறை எண்ணிப் பார்க்கும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். ஜூலையில் எண்ணியபோது 120க்கு 27 அளவுகள் 0 அல்லது 5இல் முடிந்திருந்தன.

தராசில் இருக்கும் பெண்கள் கோடு போடும் தாள் இன்னும் தொங்குகிறது. இடது, வலது என்று இரண்டு பத்தியாக அதைப் பிரித்துக் கேட்டவர், இடது வாயைப் பற்றி முதலில் சொன்ன அந்த மூத்த பெண்தான்.